செல்லையா கட்டாத தாலி

“மாஸ்டர், இந்த சீன்ல தாலி கட்டறது வேணாமுங்க,” என்றாள் இந்துமதி.

செல்லையா மஞ்சள் கயிற்றைக் கையில் பிடித்தபடி விழித்தார். பிள்ளைக்காம்பராவில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கூடம் அது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தொட்டில்களைச் சுருட்டி உத்தரத்தில் கட்டிவிட்டு, கீழே அரண்மனை போட்டிருந்தார்கள்.

“தாலி கட்டாம ரகசியக் கல்யாணம் எப்படிம்மா நடக்கும்? கை குலுக்கிட்டுப் போயிடறதா?”

“மாலை மாத்திக்கலாமுங்க.”

“ஏலாது புள்ள. கதையே அந்தத் தாலியிலதான் நிக்குது.”

இந்துமதி வாசலைப் பார்த்தாள். மற்ற நடிகர்கள் வெளியே குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் துப்பட்டாவைக் கொஞ்சம் விலக்கினாள். கழுத்தோரத்தில் ஒரு மஞ்சள் கயிறு தெரிந்தது, உடனே மறைந்தது.

“ஏற்கெனவே ஒண்ணு கெடக்குதுங்க. மேடையில முடியைத் தூக்கிக் கட்டும்போது எல்லாரும் பாத்துருவாங்க.”

செல்லையா கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். “யாரு கட்டினது?”

அவள் மோவாயை மட்டும் ஆட்டினாள். அந்தத் திசையில் கதாநாயகன் ஜீவா, வெல்வெட் சட்டையும் மரக்கத்தியுமாக நின்றிருந்தான். அந்தக் கத்தியை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்ப்பவனைப்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அடப்பாவிகளா! எப்போ?”

“மழைக்கு முந்தியேங்க. கோயமுத்தூர்ல.”

“உங்கப்பா...”

“வெளிய தெரிஞ்சா எங்கப்பா அவ்வளவுதானுங்க மாஸ்டர்,” என்று கண் கலங்கினாள் இந்துமதி.

“தெரியும்மா. மனுசனாவே இருக்க மாட்டான்,” என்று செல்லையா முடித்து வைத்தார். “நீ அழாத. நான் இருக்கேன்.”

செல்லையா எஸ்டேட் ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்ப்பவர். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் எழுதி, நடித்து, திரையும் இழுப்பதால் எல்லோருக்கும் மாஸ்டர். அவர் தலையில் இப்படி ஒரு பாரம் வந்து விழ வேறு வருஷம் கிடைக்கவில்லை.

ஏனென்றால் இந்துமதியின் அப்பா ராசு, பச்சைக்கொடி சங்கத்தின் தலைவர். மேல் லயத்தில், மேட்டில் இருக்கும் வரிசை வீடுகளில், குடியிருப்பவர். ஜீவாவின் அப்பா குமாரசாமி, மஞ்சள்கொடி சங்கத்தின் தலைவர். கீழ் லயம். ஒரு காலத்தில் ஒரே சங்கத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், இப்போது ஒருவர் நிழல் விழுந்த இடத்தில் இன்னொருவர் துப்பிவிட்டுத்தான் நடப்பார். பச்சைக்கொடி வேலைநிறுத்தம் என்றால் மஞ்சள்கொடி ஆட்கள் விடியும் முன்பே கூடையோடு மலைக்குப் போய்விடுவார்கள். மஞ்சள்கொடி நிறுத்தினால் பச்சைக்கொடி போய்விடும். அந்தப் பகையின் புண்ணியத்தில் எஸ்டேட்டில் ஒரு நாளும் வேலை நின்றதில்லை.

இப்போது வேலையே நிற்கப்போகிறது என்று பேச்சு. டீத்தூள் விலை விழுந்துவிட்டதாம். ரஷ்யாக்காரன் டீ குடிப்பதையே விட்டுவிட்டானாம். வாரத்தில் பாதி நாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்கு வந்து நின்றுவிட்டு, வேலை இல்லை என்று கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். ஃபாக்டரியை மூடிவிட்டு இலையை வெளியே விற்கப்போவதாக எஸ்டேட் மானேஜர் தொரை சொல்லிவிட்டார். ஃபாக்டரி ஆட்களும் தற்காலிக ஆட்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு நாள் பிரட்டுக் களத்தில் அன்னக்கிளி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். கொழுந்தெடுக்கும் பெண்களில் வாய் பெரியவள்.

“ஏனுங்க தலைவருங்களே, ரெண்டு பேரும் ஃபாக்டரி வாசல்ல ஒண்ணா உக்காந்தீங்கன்னா தொரை பூட்டுப் போடுவாரா? உக்காரலீன்னா சொல்லிப்போடுங்க. ரெண்டு கொடியையும் இறக்கி அடுப்புல கரித்துணியாக்கிக்கறோம்.”

பெண்கள் எல்லோரும் கூடைகளைத் தட்டினார்கள். வேறு வழியில்லாமல் தலைவர்கள் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். திருவிழா நாடகம் முடிந்ததும் மேடையில் ஏறிக் கைகோப்பது. மறுநாள் காலை ஃபாக்டரி வாசலில் ஒன்றாக உட்காருவது.

செல்லையா அதற்கென்றே ஒரு கதையைத் தேர்ந்தெடுத்தார். இலங்கைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் சொன்ன வெள்ளைக்காரக் கதை. பெயர் மறந்துவிட்டது. இரண்டு பெரிய குடும்பங்களுக்குத் தீராத பகை. பிள்ளைகள் இரண்டும் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கின்றன. ஒரு சாமியார் கட்டிவைக்கிறார். கடைசியில் விஷமும் கத்தியுமாக இரண்டும் செத்துப்போகின்றன. பிணங்களுக்கு மேலே அப்பன்மார் கைகோக்கிறார்கள். செல்லையா அவர்களைப் பாளையக்காரர்களாக்கித் தலைப்பாகை கட்டிவிட்டார். ராசுவின் மகளையும் குமாரசாமியின் மகனையுமே ஜோடியாகப் போடுவது என்பதும் அவர் யோசனைதான். அப்பன்மார் பார்த்து உருக வேண்டும்! கேட்டபோது இரண்டு தலைவர்களும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்கள். பாதிப் பகை தீர்ந்துவிட்டது என்று அன்றைக்குச் செல்லையா மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

“நீங்க நாடகத்தைப் பாருங்க. நாட்டைப் பாக்காதீங்க,” என்று சொல்லிவிட்டாள் தெய்வம்மா.

தாலிக்குப் பதில் மாலை என்று செல்லையா மாற்றியது மறுநாள் காலையே பிரட்டுக் களத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

“என்ன மாஸ்டர், எங்க பையன் கையால தாலி கட்டினா அவங்க பொண்ணு கழுத்து தேஞ்சு போயிருமா?” என்று குமாரசாமி எல்லோர் முன்னாலும் கத்தினார். “இது எங்க சங்கத்தையே கேவலப்படுத்தறது!”

“மாலை நல்லாத்தான் இருக்கும், தலைவரே...”

“தாலி இல்லேன்னா கைகோக்கறதும் இல்ல. சொல்லிப்போட்டேன்.”

செல்லையா பதறிப்போய்த் தாலியைத் திரும்பக் கொண்டுவந்தார். சாயங்காலம் ராசு வழிமறித்தார்.

“என் மக கழுத்துல அவன் மகன் தாலி கட்டறதா? நாடகமா இருந்தாலும் நடக்காது. கட்டினா நான் மேடையேற மாட்டேன்.”

“முதல்ல சரின்னீங்களே?”

“முதல்ல நீங்க தாலின்னு சொல்லலியே. கல்யாணம்னுதானே சொன்னீங்க.”

செல்லையா அந்தப் பதிலை வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தார்.

அத்தோடு போகவில்லை. யார் முதலில் சாவது என்று அடுத்த சண்டை. கதைப்படி பையன் முதலில் விஷம் குடிக்க வேண்டும். “மஞ்சள்கொடிக்காரன்தான் முதல்ல சாகணுமா?” என்றார் குமாரசாமி. பெண்ணை முதலில் சாகவைத்தால் ராசு விடவில்லை. கடைசியில் விசில் ஊதியதும் இருவரும் ஒரே நேரத்தில் சாவது என்று முடிவாயிற்று. விசில் அடிக்கும் ஆள் எந்தச் சங்கம் என்று கேட்டார்கள். எந்தச் சங்கத்திலும் சேராத ஜீப் டிரைவர் பஷீர் விசிலை வாங்கிக்கொண்டார்.

“மாஸ்டரே, உங்களுக்கு இது வேணுமா? பேசாம ஒரு பாட்டுக் கச்சேரி வச்சுட்டுப் போங்க,” என்றார் பஷீர்.

“இல்ல பஷீர். இது நம்ம எல்லார் சோறும்.”

பஷீர் ஏதோ சொல்ல வாயெடுத்து, விசிலைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தாலியும் வேண்டும், இந்துமதியின் கழுத்தும் கூடாது. வேறு எந்தப் பெண்ணும் இந்தச் சண்டைக்கு நடுவில் கழுத்தை நீட்டத் தயாரில்லை. செல்லையா கண்ணாடி முன்னால் நின்று தன் கழுத்தைப் பார்த்தார். சாமியார் வேஷத்தைப் பஷீருக்குக் கொடுத்துவிட்டு, இளவரசி வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டார். பழைய நாளில் ஆண்கள்தானே போட்டார்கள்!

தெய்வம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தபோது, அவர் பேரன் எடுக்கும் வயதுக்குத் தக்க மீசையை முழுசாக மழித்துவிட்டிருந்தார். அவள் வெகு நேரம் அந்த முகத்தைப் பார்த்தாள்.

“உங்க அம்மாவேதான்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமியாரோடு அவளுக்கு ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

மறுநாள் மேல் லயத்தில் புதுப் புகார். தலைவர் மகளை நாடகத்திலிருந்து தூக்கிவிட்டார்களாம். அதைச் சமாளிக்க, மேடை ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலையை இந்துமதிக்குக் கொடுத்தார் செல்லையா. திரைக்குப் பின்னால் இருந்தால் அவளுக்கும் பாதுகாப்பு என்று நினைத்தார்.

இருட்டினால் ஆனை இறங்கிவிடும் என்பதால் நாடகம் மத்தியானமே ஆரம்பித்தது. ஃபாக்டரி முற்றத்தில் மூங்கில் நட்டு மேடை. இந்தப் பக்கம் பச்சைக்கொடி, அந்தப் பக்கம் மஞ்சள்கொடி, நடுவில் பாய் விரித்துப் பெண்களும் பிள்ளைகளும். முன்வரிசையில் இரண்டு தலைவர்களுக்கும் இரண்டு நாற்காலிகள், நடுவே ஒரு கட்டில் போடுகிற இடைவெளி. மலையேறி வந்த மேகம் முற்றத்தில் புகுந்து, தலைவர்களை ஒருமுறை மறைத்துவிட்டுப் போயிற்று.

முதல் பாதி நன்றாகவே போனது. பட்டுச்சேலையும் சவுரியுமாகச் செல்லையா வந்ததும் சிரித்துப் புரண்டவர்கள், அவர் பேச ஆரம்பித்ததும் அமைதியானார்கள். அவருக்கு நடிப்பு வரும். “என் தகப்பனின் கோபம் மலையை எரிக்கலாம், என் மனதை எரிக்குமோ?” என்று அவர் கேட்டபோது அன்னக்கிளி மூக்கைச் சிந்தினாள்.

கல்யாணக் காட்சி வந்தது. சாமியார் பஷீர் தாடியைத் தடவியபடி, “மைந்தா, மாங்கல்யத்தைக் கட்டு,” என்றார்.

ஜீவா தாம்பாளத்தைப் பார்த்தான். தேங்காய் இருந்தது. பூ இருந்தது. தாலி இல்லை. காற்றில் பறந்ததோ, குழந்தைகள் எடுத்தார்களோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

“மாங்கல்யத்தைக் கட்டு மைந்தா,” என்றார் பஷீர் மறுபடியும்.

“மாஸ்டர், கயிறு எங்கீங்க?” என்று ஜீவா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது, முன்னால் தொங்கிய மைக்கில் முற்றம் முழுக்கக் கேட்டது.

இந்துமதி பதறிப்போய் மேடை ஓரத்தில் குனிந்து கயிற்றைத் தேடினாள். துப்பட்டா சரிந்தது. பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்திருந்த அன்னக்கிளி உதவி செய்ய எழுந்துவிட்டாள்.

“அடியே இந்து! உன் கழுத்துலதான்டி மாட்டியிருக்கே! பத்திரமா இருக்கட்டும்னு மாட்டிக்கிட்டு மறந்துட்டியா? கழட்டிக் குடு!”

சொன்னதோடு நில்லாமல் கையை விட்டு வெளியே இழுத்தாள். மஞ்சள் கயிறு வந்தது. அதன் நுனியில் தொங்கியது மாலை வெயிலில் பளிச்சென்றது.

“ஆத்தாடி,” என்றாள் அன்னக்கிளி. “இது மஞ்சக் கிழங்கு இல்ல. தங்கம்!”

முற்றத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

ராசு நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். “எவன்டா? எவன்டா கட்டினது?”

அந்தப் பக்கம் குமாரசாமியும் எழுந்தார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. ராசு எழுந்தால் அவரும் எழுவது பழக்கம்.

செல்லையா ஜீவாவைப் பார்த்தார். அவன் உதடு பிரிந்தது. சொல்லிவிடப்போகிறான். இங்கேயே, இத்தனை பேர் முன்னால், கத்தி கம்புகள் எட்டும் தூரத்தில். அவர் எழுதிய கடைசிக் காட்சி நிஜமாகவே நடந்துவிடப்போகிறது. அவருக்கு யோசிக்க நேரமில்லை.

“நான்தான் கட்டினேன்!” என்று கத்தினார்.

ஒத்திகையில் கட்டிப் பார்த்தேன், கவரிங் தாலி, கழற்ற மறந்துவிட்டாள் என்றெல்லாம் தொடர்ந்து சொல்ல நினைத்திருந்தார். முதல் வார்த்தைக்கு மேல் யாரும் கேட்கவில்லை. பட்டுச்சேலையும் சவுரியும் குங்குமமுமாக நின்ற ஒரு கிழட்டு மணப்பெண், தலைவர் மகளுக்குத் தாலி கட்டியதாகச் சொன்னால் யார்தான் பொறுப்பார்கள்?

பச்சைக்கொடி மேடைமேல் ஏறியது. ஒரு சாமியாரும் மணமகனும் நடுவில் விழுந்து தடுத்துப் பார்த்தார்கள். தங்கள் பையனுக்கு நிச்சயித்த மணப்பெண்ணை அடிக்கிறார்கள் என்று முதலில் தடுக்க வந்த மஞ்சள்கொடி, விஷயம் புரிந்ததும் தானும் சேர்ந்துகொண்டது. இரண்டு சங்கமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்ததை எஸ்டேட் அன்றைக்குத்தான் பார்த்தது.

சவுரி ஒரு பக்கம், பல் ஒரு பக்கம் போன பிறகு ராசு மைக்கைப் பிடித்தார்.

“இது குமாரசாமி வேலை! இந்தக் கிழவனை ஏவிவிட்டு என் குடும்ப மானத்தை வாங்கிட்டான்!”

குமாரசாமி மறுபக்கத்திலிருந்து கத்தினார். “உன் மக லட்சணத்துக்கு என்னை இழுக்காத! இனி உன் மூஞ்சியில முழிச்சா நான் மனுசனில்ல!”

“ஏனுங்க, கைகோக்கறது?” என்று அன்னக்கிளி நடுவில் நின்று கேட்டாள். “ஃபாக்டரிங்க? நாளைக்கு உக்கார்றதுங்க?”

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூங்கில் காட்டுப் பக்கமிருந்து ஆனை பிளிறும் சத்தம் கேட்டது. கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு லயத்துக்கு ஓடியது.

தெய்வம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். துணியைப் பிழிந்து போட்டுவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

“தங்கத்துக்கு உங்களுக்கு ஏதுய்யா வழி? எனக்கு மஞ்சக் கிழங்குதானே கட்டினீங்க?”

செல்லையா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. இரண்டு உயிர். மூடிக்கொண்டார். தெய்வம்மா அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு மூலையில் போய்ப் படுத்தாள். அவள் தோள் குலுங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் ஃபாக்டரிக்குப் பூட்டு விழுந்தது. இரண்டு சங்கங்களும் தனித்தனியாகத் தொரை பங்களாவுக்குப் போய், தனித்தனியாகப் பேசி, தனித்தனியாகத் தோற்றுத் திரும்பின. ஃபாக்டரி ஆட்களில் பாதிப் பேருக்கு மலையில் உரம் போடும் வேலை கிடைத்தது. செல்லையாவுக்கு அதுவும் இல்லை. ஒழுக்கக்கேடு என்று விசாரணை வைத்தார்கள். அவருக்காகப் பேசப் பச்சைக்கொடியும் வரவில்லை, மஞ்சள்கொடியும் வரவில்லை. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அன்னக்கிளியையும் சேர்த்துத் தற்காலிகப் பெண்கள் எல்லோரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். செல்லையாவைக் கண்டால் அவள் பாதையின் அந்தப் பக்கம் போனாள். இந்தக் கிழவன் புத்தி பிசகாமல் இருந்திருந்தால் தலைவர்கள் கைகோத்திருப்பார்கள் என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லிற்று. செல்லையாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

பெண்ணைக் கோயமுத்தூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக ராசு சொல்லிக்கொண்டார். மகனுக்குக் கோயமுத்தூரில் ஒரு டீக் கம்பெனி ஆபீசில் வேலை கிடைத்துவிட்டதாகக் குமாரசாமி சொல்லிக்கொண்டார். இரண்டு செய்தியையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தெரிந்தவர் எஸ்டேட்டில் தான் ஒருவர்தான் என்று செல்லையா நினைத்தார். அன்றைக்கு ராத்திரிச் சோறு கொஞ்சம் இறங்கியது.

புறப்படுகிற காலையில் பஷீர்தான் ஜீப்பைக் கொண்டுவந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தெய்வம்மாவின் தம்பி வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தான். அண்டா, டிரங்குப் பெட்டி, தெய்வம்மா எல்லாம் பின்னால் ஏறின. செல்லையா முன்னால் உட்கார்ந்தார். மீசை இன்னும் முழுசாக முளைத்திருக்கவில்லை. பூட்டிய ஃபாக்டரியைத் தாண்டும்போது அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ராசு வீட்டில் பச்சைக்கொடியும் குமாரசாமி வீட்டில் மஞ்சள்கொடியும் ஈரமாகத் தொங்கின.

பந்தலூர்ப் பாதையில் ஜீப் இறங்கியது. கவாத்து வெட்டாத தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. தெய்வம்மா பின்னால் தூங்கிவிட்டாள் என்று தெரிந்ததும் செல்லையா மெதுவாகப் பேசினார்.

“பஷீர், உன்கிட்ட மட்டும் சொல்றேன். அந்தத் தாலி நான் கட்டினது இல்ல.”

“தெரியும் மாஸ்டரே. சாரமில்ல, விடுங்க.”

“தெரியுமா? சரி. ஜீவாவும் இந்துவும் கோயமுத்தூர்ல ஒண்ணாத்தான் இருக்குதுங்க. நான் எழுதின கதையில ரெண்டையும் சாகடிச்சேன். நெசத்துல பொழைக்க வச்சுட்டேன். வேலை போனா என்ன, பேரு போனா என்ன, எனக்கு அது போதும்.” அவர் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “நீ மட்டும் வாயைத் திறந்துடாத, பஷீர். இப்பத் தெரிஞ்சாலும் அப்பன்மார் ரெண்டு பேரும் வெட்டிப் போட்டுருவாங்க.”

பஷீர் வளைவில் ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினார்.

“கல்யாணத்துக்கு அந்த ரெண்டு அப்பன்மாரையும் இதே சீட்டுல பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சுக் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனதே நான்தானுங்க, மாஸ்டரே. தாலிக்குத் தங்கம் தொரை கொடுத்தது.”